சிம்பலை வெட்டிவிட்டோம், அண்ணா

என் ஆசை அண்ணனுக்கு,

உன்னைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. இதை மட்டும் கேட்க முடியாமல் செய்ய வேண்டியதாகிவிட்டது. உன் துருக்கி சிம்பலை வெட்டிவிட்டோம்.

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்த புதிதில் புதுச்சேரியில் ஒரு வயதான வாத்தியக்காரரிடம் வாங்கினாயே, அந்த வெண்கலத் தட்டுதான். குச்சி பட்டால் அதன் சத்தம் உடனே அடங்காது. மழை விட்ட பிறகும் கூரை சொட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓயும். கீரப்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் மேடைப் பலகை ஆடி, ஸ்டாண்டு சாய்ந்து, அதன் விளிம்பில் விரிசல் விட்டது.

முதுநகரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனாய். சூடு காட்டினால் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும் என்று பட்டறைக்காரர் தொடவே இல்லை. அதற்கப்புறம்தான் சிதம்பரத்தில் நான் வேலை செய்யும் பல் செட் லேபுக்கு வந்தாய். "உங்கிட்ட சின்ன டிரில்லு இருக்குல்ல சுமதி? இதுக்கும் ஒரு பல் வைத்தியம் பண்ணு" என்று மேஜைமேல் வைத்தாய்.

விரிசல் முடியும் இடத்தில் ஒரு துளை போட்டால் மேலே ஓடாது என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் வாசித்தாய். பிறகு மை தடவித் துடைத்துப் பார்த்தால், துளையைத் தாண்டி விரிசல் மயிரிழை மாதிரி உள்ளே போயிருந்தது. அந்த ஓரத்தையே பிறைபோல் வெட்டி எடுத்துவிடலாம் என்று சொன்னது நீதான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய். நடுவில் சேத்தியாத்தோப்பில் ஒரு கச்சேரி வந்தது, அடுத்த வாரம் என்றாய். அதற்குள் செம்மண்டலம் வீட்டில், கையில் பிடித்த டீ டம்ளரோடு சாய்ந்துவிட்டாய்.

அந்த ஒரு கச்சேரியை விட்டிருக்கக் கூடாதா அண்ணா?

அண்ணி சிம்பலை உன் போட்டோ பக்கத்தில் மாட்டி மாலை போட்டார்கள். காரியம் முடிந்ததும் நீ நினைத்திருந்ததை மெல்லச் சொன்னேன். "அவுங்க கை பட்டது சுமதி. அதுல ஒரு துளிகூட குறையக் கூடாது" என்றார்கள். உன் இடத்தில் இப்போது டிரம்ஸ் வாசிக்கும் சேவியர் அண்ணன் வந்து கேட்டபோதும் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை.

போன மாதம் அண்ணி தானே பஸ் ஏறி லேபுக்கு வந்தார்கள். மடியில் போர்வையில் சுற்றிய சிம்பல்.

"நேத்து தொடைக்கிறப்ப வளையல் பட்டுடுச்சு. கரகரன்னு ஒரு சத்தம், யாரோ அழுவுற மாரி. இந்தச் சத்தத்த கேட்டுக்கிட்டு அவுங்க வீட்ல இருந்திருப்பாங்களா? அவுங்க சொன்னபடியே வெட்டிடு."

அண்ணி துணி சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பல் செட் அறுக்கும் சின்ன டிஸ்க்கை வைத்து, சூடேறாமல் தண்ணீர் விட்டு விட்டு வெட்டினேன். அவர்கள் புடவையெல்லாம் வெண்கலத் தூள். வெட்டிய விளிம்பில் ஒரு சின்னப் பிசிறுகூட இல்லாமல் தேய்த்து வழவழப்பாக்கினேன். உன் குச்சியை அண்ணிதான் எடுத்துத் தட்டினார்கள்.

"எப்படி அண்ணி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது இல்ல" என்றார்கள். இன்னொரு தட்டு தட்டி, "ஆனா அழுவல" என்றார்கள்.

உண்மைதான். அந்தப் பழைய நீளம் போய்விட்டது. இப்போது சத்தம் சட்டென்று எழுந்து சட்டென்று முடிந்துவிடுகிறது. நான் கொஞ்சம் ஜாஸ்தியாக வெட்டிவிட்டேனா? இன்னும் ஒரு நூல் விட்டிருக்கலாமா? நீ காதை வைத்துப் பார்த்துச் சொல்லியிருப்பாய். இதை நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்லி, சிம்பலைக் கொடுத்தது அண்ணிதான். போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். நாங்கள் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். நம் வீட்டு விசேஷங்களில் நீ வாசிக்கும்போதெல்லாம் நாங்கள் பந்தியில் ஓடிக்கொண்டிருந்தோம். முன்னால் உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு நீ மேடையில் இல்லாத நாள் வர வேண்டியிருந்தது. இரண்டாம் பாட்டில் சேவியர் அண்ணன் உன் சிம்பலைத் தொட்டார். அண்ணி என் கையைப் பிடித்தவர்கள் பாட்டு முடிந்த பிறகும் விடவில்லை.

வெட்டிய இடத்தில் மறுபடியும் விரிசல் விடலாம் என்கிறார் சேவியர் அண்ணன். விட்டால் மறுபடியும் வெட்டுவேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கினாலும் அதை இனி ஆணியில் மாட்ட விடமாட்டேன். அண்ணியையும் உன் போட்டோவுக்கு எதிரே ஒற்றையாய் உட்கார விடமாட்டேன். அடுத்த கச்சேரிக்கு நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி