பதினோரு விதிகள்

அன்பு மிக்க உங்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம். கப்பல் அடுத்த துறைமுகம் சேரும்போது இது உங்கள் கைக்குக் கிடைக்கும் என்றார்கள். போனில் பேசலாமென்றால் நம் பெண் பக்கத்திலேயே நிற்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று.

சனிக்கிழமை நம் வாண்டின் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினி டீச்சர் புது மாதிரி ஒரு பாடம் நடத்துகிறார். ஆளுக்கொரு விளையாட்டை அவர்களே கணினியில் உருவாக்க வேண்டும். பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்று விதி எழுதுவது, தப்பு எந்தப் படியில் என்று தேடுவது, எல்லாம் அதிலேயே வந்துவிடுமாம். அன்று பெற்றோர் அவற்றை விளையாடிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது.

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மத்தவங்க மூணு விதி எழுதவே திணறுறாங்க. உங்க பொண்ணு பதினொண்ணு எழுதியிருக்கா. இவ்வளவு நுணுக்கமா கவனிக்க எப்படிங்க பழக்குனீங்க?” என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரையில் ஒரு வீடு. ஒரு சிறுமி மதிப்பெண் அட்டையோடு நிற்கிறாள். அவளை நகர்த்திப் போய் அம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். நேராகப் போனேன், தோற்றேன். அம்மா செருப்பைக் கழற்றும் சத்தம் பெரிதாகக் கேட்டால் அறையை விட்டு வரக் கூடாதாம். அடுத்த முறை அறையிலேயே இருந்தேன். கூப்பிட்டதும் வரவில்லை என்று அதற்கும் தோல்வி. மூன்றாம் முறை, அம்மா போனில் சிரித்துப் பேசுகிறாளே என்று நம்பிப் போனேன். போனை வைத்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பின்னால் நின்ற ஒரு தகப்பனார், “இந்த அம்மாகிட்ட மாட்டினா அவ்வளவுதான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

உங்களிடம் இதை மறைத்துவிட்டேன். அலுவலகத்தில் குறை கேட்கும் பிரிவில் நாள் முழுக்க யார் யாரோ திட்டுவதைத் தேனொழுகப் பேசிச் சமாளிக்கிறேன். அங்கே விழுங்கியதெல்லாம் இவள் தலையில் விடிகிறது. போன மாதம் கணக்கு மதிப்பெண்ணுக்காகக் கை நீட்டிவிட்டேன். ஒரு தடவை மட்டும் இல்லை. வேலைப் பளு என்று எழுதத்தான் பேனா போகிறது. ஊரார் முன்னால் அடக்க முடிகிற கோபத்தைப் பெற்ற பிள்ளையிடம் அடக்க முடியாதா?

வீட்டுக்கு நடந்து வரும்போது, அந்த ஆட்டத்தில் எப்படி ஜெயிப்பது என்று கேட்டேன். “அத இன்னும் எழுதலம்மா. டீச்சர் ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க. எனக்கே தெரியல” என்றாள். பிறகு, கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்: “அந்தப் பொண்ணு என்ன செஞ்சா அம்மா கோபப்படாம இருப்பாங்க?”

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் செய்ய வேண்டாம், தப்பு அம்மாவிடம்தான் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. சிறிது யோசித்துவிட்டு, “அப்ப அம்மாவோட விதியத்தான் மாத்தணும். ஆனா நான் மாத்தினா கேம்ல மட்டும்தானே மாறும்?” என்றாள்.

உங்கள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. நான் வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்குத் தினமும் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு நாளும் வாசலிலேயே கொஞ்சம் நின்று மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். வாண்டு அறைக்குள்தான் இருந்தாள்.

என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி அவள் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அவளிடமே கேளுங்கள், நான் வெளியே போய்விடுகிறேன். உடனே பதில் வராவிட்டாலும் போனை வைத்துவிடாமல் காத்திருங்கள். அவள் சொல்வது எதுவானாலும், அதையே நம்புங்கள்.

கடலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசும்,
உங்கள் மனைவி