பருந்து இல்லாத வானம்

அன்பு மாப்ள காதருக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதத்தான் கை போகிறது. பழகிய கை, என்ன செய்ய? ஆடியில் போனாய். இப்போது மாசி. நீ இல்லாமல் தீபாவளிக்கு உன் வீட்டுக்குப் பலகாரமும் போகவில்லை, ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்கு பிரியாணியும் வரவில்லை.

முதலில் ஒரு கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ போன மறுநாள் நம் பசங்க கோரிப்பாளையம் சிக்னல் பக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். 'வானத்தை அளந்தவனை வானமே அழைத்துக்கொண்டது' என்று பெரிய எழுத்தில். வானமாவது, அழைத்ததாவது! மணல் லாரிக்காரன் பின்விளக்கு இல்லாத வண்டியைப் பைபாஸ் ரோட்டில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான், நீ பைக்கில் வந்து மோதினாய். அவ்வளவுதான் நடந்தது. இதில் ரேடார் என்று டிவிக் குடையின் படம் வேறு. காற்றை அளக்கிற நம் ரேடார் கொடிப்பந்தல் மாதிரித் தரையோடு படுத்துக் கிடப்பதை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? நான் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நாகமலைக்குப் பின்னால் அந்தப் பொட்டலில் நாம் என்ன செய்தோம் என்று யாருக்குத்தான் புரிந்தது? டீக்கடை அண்ணன் தினமும் மழை எப்போது என்று கேட்பார். செல்லூரில் எங்கள் தெருவில், மேகமே இல்லாத வானத்தில் உங்கள் மகன் எதைப் பிடிக்கிறான் என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி அம்மாவைக் கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். நீதான் உட்கார்ந்து பதில் சொல்வாய்.

"அண்ணே, மேகம் இருந்தா பைலட்டுக்கே தெரியும், ஒதுங்கிப் போயிருவாரு. ஒண்ணுமே இல்லாத எடத்துல காத்து கொதிக்கும் பாருங்க, அதுதான் பிளேனத் தூக்கி அடிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, ரேடாருக்குத் தெரியும். அம்புட்டுத்தான்."

ரேடாருக்குத் தெரியும், சரி. ஆனால் வந்தது எது என்று அதற்குச் சொல்லத் தெரியாதே. மேலே அனுப்பும் அலை, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் புரண்டு கலக்கிற இடத்தில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். வட்டமடிக்கிற பருந்துக் கூட்டத்தில் பட்டாலும் வரும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் ஒருத்தன் உள்ளே மிஷினோடு, ஒருத்தன் வெளியே பைனாகுலரோடு. வெளியே நின்று பார்த்தவன் 'வானம் வெறுமை' என்று பதிவேட்டில் அன்றன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். நாமோ சோம்பேறிகள். வாரம் முழுசுக்கும் சேர்த்துச் சனிக்கிழமைதான் போடுவோம்.

அந்த ஆடிப் புதன்கிழமையை நினைத்துக்கொள். மேற்கு மலையைத் தாண்டி வருகிற காற்று நம் சமவெளிக்கு மேலே அலையலையாக மடங்கி உடைகிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், நானே நம்பவில்லை. அன்றைக்கு மத்தியானம் திரையில் நீ சொன்ன மாதிரியே ஒரு தடித்த பட்டை விழுந்தது. சாயங்காலம்வரை அதே உயரத்தில் அசையாமல் நின்றது. அன்றைக்கென்று மிஷின் அடிக்கடி நின்று நின்று போனதால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"டேய், பருந்தான்னு பாருடா!"

"ஒண்ணுகூட இல்ல மாப்ள! கழுவிவிட்ட மாதிரி இருக்கு வானம்!"

கொஞ்ச நேரம் கழித்து நீ துண்டைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு ஜன்னலைத் தாண்டி ஆடிக்கொண்டே போனாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியில் கிளம்பினாய். சனிக்கிழமை நாங்கள் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அந்த வாரத்துக் கையெழுத்து விழவே இல்லை.

போன மாதம் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது மேடம் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்தார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன், நம்மை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டவர், கண்டிப்பு அவருக்குச் சுபாவம்.

"நீ பாத்தியா ஜெகன்?"

"காதர் சொன்னதைக் கேட்டேன் மேடம்."

"கேட்டது போதாதுப்பா. நீ பாத்திருந்தா போடு. இல்லேன்னா அந்த நாளை எடுத்துரு."

எடுத்தால் என்ன மிஞ்சும்? காற்று உடைகிறது என்ற பகுதியே போய்விடும். காற்றின் வேகத்தைப் பற்றிய என் கணக்குகள் மட்டும் நிற்கும். தலைப்புக்குக் கீழே வர வேண்டிய உன் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் வரிக்குப் போய்விடும். அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் இல்லை. பங்குனியோடு திட்டம் முடிகிறது, ரேடாரைக் கழற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

இங்கே உன் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றை அளக்க ஒரு படிப்பா என்று பெற்ற மகன் உன்னைத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், நீ போனதிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டது ஒன்றுதான். "அவன் பேரு எப்படா புஸ்தகத்துல வரும்?" தன் ஹார்டுவேர் கடைச் சுவரில் பெயிண்ட் கம்பெனி காலண்டரைக் கழற்றிவிட்டு, அச்சான பக்கத்தை பிரேம் போட்டு மாட்ட இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

பேனாவை எடுத்தேன் மாப்ள, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கையெழுத்து. யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒரே ஒரு பருந்துக்காக ஒரு வாரத்து வேலையைத் தூக்கிப் போட்டவன் நீ. "சந்தேகம்னா குப்பை மாப்ள" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாய். எனக்கோ சந்தேகமே இல்லையே, அதுதான் கொடுமை. நீ இல்லை என்றால் இல்லைதான். ஆனால் அந்த இடத்தில் 'நம்புகிறேன்' என்று எழுத முடியாது, 'பார்த்தேன்' என்றுதான் எழுத வேண்டும். நான் பார்க்கவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

போன வாரம் அத்தாவிடம் போய்ச் சொன்னேன். தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். முழுசும் கேட்டார்.

"என் மகனுக்காக ஒரு கையெழுத்துப் போட முடியலையாடா ஒனக்கு?"

"நான் பாக்கல அத்தா."

"அவன் பாத்தான்ல? அவன் பொய் சொல்றவனா?"

"இல்ல அத்தா."

"பெறகு என்ன?"

அத்தா ஆணிப் பொட்டலத்தை மடித்து நூல் சுற்றினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "நீங்க போங்க தம்பி."

இத்தனை வருஷமாக என்னை வாடா போடா என்று கூப்பிட்ட வாய் மாப்ள அது. உன் வீட்டு அடுப்படிவரை போனவன் நான். அந்த 'நீங்க' என்னை அங்கேயே தூக்கி அடித்தது. கோரிப்பாளையத்துக் கடையிலிருந்து செல்லூர்வரை அழுதுகொண்டே நடந்தேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? என் பெயருக்காக எங்கள் அப்பா வந்து உன் முன்னால் நின்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாயா?

இன்றைக்குக் கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிட்டேன். புதன்கிழமை அதில் இல்லை.

எனக்கு வேறு எதுவும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, இதைத் தவிர. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அத்தா கடை திறக்கிற நேரத்துக்கு நான் போவேன். ஷட்டரின் இன்னொரு முனையைப் பிடித்துத் தூக்கிவிடுவேன், நீ பிடிக்கிற அந்த முனைக்கு இப்போது ஆள் இல்லை. அவர் பேசாவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன். நீங்க போங்க என்பார். போய்விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன். என்றைக்காவது ஒரு நாள் என்னை அடிக்கக் கை ஓங்கி 'டேய்' என்பார் இல்லையா, அதுவரைக்கும் போவேன்.

உன் மாப்ள,
உன் அத்தாவுக்கு மிச்சமிருக்கிற பிள்ளை,
செல்லூர் ஜெகன்