போல்ட்டுக்கு அடியில் நீலப் பெயிண்ட்

ஆடி 3, ஞாயிறு

காலையிலிருந்து கச்சான் காற்று. படகு இறங்கவில்லை. கை சும்மா இருக்கிறது, அதனால் நோட்டு.

எழுத்து கோணல். வரி ஏறுகிறது, இறங்குகிறது. ‘ற’ ஓர் இடத்தில் பூசணி, ஓர் இடத்தில் கடுகு. பின்னால் இதைத் திறந்து படிக்கப் போகிறவன் நான்தான், ஆகையால் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுபது வயசுக்கு மேல் பேனா பிடித்த கை இவ்வளவுதான் ஓடும். சாயங்கால வகுப்பு அமலா டீச்சர் சொன்னார், தினமும் எழுதுங்க, யாருக்கும் காட்ட வேணாம், தப்பு இருந்தா இருக்கட்டும் என்று. நேற்று ‘ஞாயிறு’ முழுசாக வந்துவிட்டது. டீக்கடை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.

இன்று சிரிப்பு இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மகன் முருகன் (இனி மு. என்று போடுகிறேன், கை வலிக்கிறது) வாடகைக் கார் ஓட்டுகிறான். பழைய வண்டி. போன மாதம் அதில் பாட்டு செட், ஆம்ப்ளிஃபயர், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் புதிசாகப் போட்டான். ஒயர் வேலை செய்தவர் காதர் பாய். பழவேற்காடு பஸ் நிறுத்தத்துப் பக்கம் கடை. கொஞ்ச நாள் நன்றாகப் பாடியது. அப்புறம் ஒரு சத்தம். கொய்ங் என்று. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். பாட்டைக் குறைத்தாலும் அது மட்டும் குறையாது. கல்யாணத்துக்கு ஏறிய பெண்கள் "இன்னாப்பா, வண்டிக்குள்ள கொசு வளர்க்கிறியா" என்று கேட்டார்களாம்.

எனக்குக் கோபம். மீன் ஏலம் நடக்கிற இடத்தில், அத்தனை ஜனம் முன்னால், பாய் திருட்டு ஒயரைப் போட்டு என் மகனை ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன். மெதுவாக இல்லை. காற்றில் அடுத்த படகைக் கூப்பிடுகிற குரலில். மு. என்னை நம்பி அவர் கடைக்கே போய் அதையே சொல்லிவிட்டு வந்தான்.

பிறகு பொன்னேரியில் ஒரு கடை. பேட்டரி ஒயரும் பாட்டு ஒயரும் ஒட்டி ஒட்டிப் போகிறது, அதனால் இரைச்சல் என்று ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் பிரித்தார்கள். ஃபில்டர் என்று ஒரு சின்னப் பெட்டி மாட்டினார்கள். கொய்ங் போகவில்லை.

இன்று காலை பாய் அவராகவே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நீளமான ஒயர் ஒன்று கையில். ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டி, மறுமுனையைப் பின்னால் டிக்கியில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரில் தொட்டார். சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. தொட்டார், நின்றது. எர்த் சரியாக உட்காரவில்லை என்றார். டிக்கி விரிப்பைத் தூக்கி, கறுப்பு ஒயரை வண்டித் தகட்டோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார்.

அடியில் நீலப் பெயிண்ட்.

என் பெயிண்ட். பாட்டு செட் போட்டுச் சில நாள் கழித்து, டிக்கி விரிப்பை எடுத்து வண்டி கழுவும்போது பார்த்தேன், அந்த போல்ட்டைச் சுற்றித் தகடு சுரண்டி வெள்ளையாக மின்னியது. உப்புக் காற்று தின்றுவிடுமே என்று பதறிப்போனேன். கழற்றி, படகுக்கு அடித்த மிச்சத்தைத் தகட்டுக்கும் போல்ட்டுக்கும் இரண்டு பூச்சு அடித்து, காயவிட்டு, திரும்ப முறுக்கினேன். படகில் அப்படித்தான். வெறும் இரும்பை விட்டுவைக்க மாட்டோம். எங்கள் படகு ஃபைபர், அதில் மைனஸுக்கும் தனி ஒயர்தான். காரில் தகடுதான் மைனஸ் ஒயர் என்று எனக்குத் தெரியாது. இரும்பும் இரும்பும் ஒட்டவேண்டும் என்றுதான் பாய் சுரண்டியிருக்கிறார். சத்தம் வந்தது பெயிண்ட் அடித்த பிறகு. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

பாய் பெயிண்டைப் பார்த்தார். மணலில் ஏற்றி வைத்திருந்த என் படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மு. பக்கம் திரும்பி, "போல்ட்ட லூசா வுட்டுட்டேன் தம்பி. என் தப்புதான்" என்றார்.

உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினார். மேலே மட்டும் கிரீஸ் தடவினார். உப்புக் காற்றுக்கு அது போதுமாம்.

"இதுக்கா பாய் இத்தினி நாளு அலைய வெச்சே?" என்றான் மு. அண்ணன் வயசுக்காரரை ஒருமையில். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

ஆடி 4, திங்கள்

காற்று குறைந்தது. படகு போனது, நான் போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

மு. பாட்டுப் போட்டுக்கொண்டு சவாரி போனான். அவ்வளவு சுத்தம், பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கேட்கக் கேட்க உடம்பு கூசியது.

மத்தியானம் ஒரு யோசனை. துண்டுக் காகிதத்தில் எழுதி பாய் கடைக் கதவு இடுக்கில் போட்டுவிட்டு வந்தால் என்ன? ‘பெயிண்ட் அடித்தது நான்.’ நன்றாக வந்தது. ‘ண்ட்’ கூட. அழகாக வந்ததே என்று கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்து மகிழ்ந்தேன். பிறகு அப்படி மகிழ்ந்ததற்கும் வெட்கம்.

மனைவி கன்னியம்மாவிடம் எல்லாம் சொல்லி, படித்தும் காட்டினேன். அவள் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"ஏலத்துல கூவுனப்ப காய்தம் எட்துனு போனியா? வாயாலதானய்யா கூவுன."

காகிதத்தை வாங்கி, கையில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்துப் போட்டாள்.

ஆடி 6, புதன்

வெயில். பாய் கடைக்கு நடந்தே போனேன். வழியில் ஐஸ், டீசல், நைலான் வலை, செல்போன் ரிப்பேர். எல்லா போர்டும் படித்தேன். முன்பெல்லாம் வெறும் கோடு, இப்போது ஒவ்வொன்றும் கூப்பிட்டுப் பேசுகிறது. படிக்கிற சாக்கில் மெதுவாக நடந்தேன் என்பதுதான் உண்மை.

கடையில் இரண்டு ஆட்டோக்காரர்கள். என்னைத் தெரியாதவர்கள். பாய் ஸ்டூலைத் தள்ளினார், டீ சொன்னார். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "நல்லாக்கீது" என்றேன். அவர்கள் போகட்டும், சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர்களில் ஒருவர் பாயைக் கேட்டார், வருஷா வருஷம் கோட்டைக்குப்பம் அம்மன் ஊர்வல வண்டிக்கு லைட்டும் மைக்கும் நீதானே கட்டுவே, இந்த வருஷம் பொன்னேரி ஆளுக்காமே என்று. பாய் குனிந்தபடியே, கையில் வேலை நிறைய இருக்கிறது என்றார்.

"வேலயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் குப்பத்துல பெரிசு ஒண்ணு ஏலத்துல நின்னு ஏத்தி வுட்டுக்கீது" என்றார் மற்றவர்.

பெரிசு டீ குடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஒருவர் பேரில் நாலு பேர் முன்னால் குறை சொல்லிவிட்டால், அது தீரும்வரை ஊர் வேலையை அவரிடம் கொடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். கோபத்தில் அது எங்கே போனதோ. வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டம். அன்று வேலையைப் பொன்னேரி ஆளுக்கே பேசி முடித்துவிட்டால் அவ்வளவுதான், பாய் பேரில் அந்தச் சொல் அப்படியே நின்றுவிடும்.

ஆட்டோக்காரர்கள் போனார்கள். கடையில் நானும் அவரும் மட்டும். படகு பேட்டரி என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். இப்படியும் ஒருவன்.

ஆடி 8, வெள்ளி

சாயங்காலம் தூறல். கூட்டம் கோயில் எதிரே.

மைக் செட் பேச்சு வந்ததும் எழுந்தேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன், ஊர் முன்னால் பேசுகிறவன் அப்படித்தான் நிற்கவேண்டும்.

"பாய் போட்டது நல்ல ஒயரு. எர்த் போல்ட்டுக்கு அடியில நாந்தான் படகு பெயிண்ட அடிச்சேன். சத்தம் என்னாலதான். அவுரு மேல நான் சொன்னது தப்பு."

சிரிப்பு. அக்காள் மகன் நாகப்பன், "இன்னா மாமா, கார கடல்ல எறக்கப் பாத்தியா?" என்றான். அடுத்து டயருக்கும் அடிக்கச் சொல்லுங்க என்று இன்னொரு குரல். பரவாயில்லை. சிரிப்பு தாங்கும்படிதான் இருந்தது.

ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று பாயே ஒப்புக்கொண்டதாக உன் மகன் சொன்னானே, அது எப்படி என்று கேட்டார். பெயிண்டைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, மகன் முன்னால் என் தலை குனியக்கூடாது என்று அவர் மேல் போட்டுக்கொண்டார், நானும் சும்மா இருந்துவிட்டேன் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

வேலை பாய்க்கே என்று முடிவு. "நீயே போய் சொல்லு" என்றார் தலைவர்.

மு. பின்வரிசையில் இருந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. கார் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆடி 9, சனி

மேகம். மு. காலையிலிருந்து முகம் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பேசினான்.

"உன் பேச்ச நம்பித்தான் நைனா நான் அவுர கடையில நின்னு திருடன்னேன். டிக்கிய தொறந்த அன்னிக்காவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

காரைத் திறந்து, ஏறச் சொன்னான். கடை வரைக்கும் பாட்டுப் போடவில்லை.

பாய் கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். மு. முதலில் இறங்கினான். "தப்பாப் பேசிட்டேண்ணே, மன்னிச்சிக்கோங்க" என்றான். நான் கூட்டத்தில் சொன்னதை அவரிடமும் சொன்னேன். அம்மன் வண்டி வேலை உங்களுக்குத்தான், ஊர் சொல்லி அனுப்பியது என்றேன். அவர் முகம் மலரும் என்று நினைத்திருந்தேன்.

ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி நின்றார்.

"செய்றேன் பெரியவரே, அம்மன் வேலய வாணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கூவுன மறுநாளு எம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து அழுதுக்கினு வந்துச்சு. உங்க குப்பத்துப் பசங்க ‘திருட்டு ஒயர் பொண்ணு’ன்னு கூப்ட்டாங்களாம். இன்னிக்கும் அப்டித்தான் கூப்புட்றாங்க. அத எந்தக் கூட்டத்துல சொல்லுவீங்க?"

ஒயர் நல்லதா கெட்டதா என்று நான் பார்த்ததுகூட இல்லை. திருட்டு என்ற சொல்லை மட்டும் ஏலத்தில் போட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் நானே பேசலாமா, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன். ஷட்டரை முழுசாக மேலே தள்ளினார். பிறகு, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாங்க, அவ வெளிய வந்து பேசுவாளான்னு தெரியாது என்றார்.

பேர் ஆயிஷா. ஐந்தாவது படிக்கிறாள்.

என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து இந்தப் பக்கம் முடியப் போகிறது. கையும் நோகிறது. முதலில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் போகவேண்டும், பிறகு அவளிடம். அவள் கதவைத் திறந்தாளா இல்லையா, எப்படி இருந்தாலும் உள்ளது உள்ளபடி அடுத்த வாரம் இங்கே எழுதிவைப்பேன்.