நீ பேசாமல் இருக்கும் நாட்கள்

பண்டமாரான், கிள்ளான், மலேசியா.

லோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், இன்றைக்குக் கேட்க மனம் வரவில்லை. நேற்று பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுக்கப் படி.

விடுமுறைக்கு நீ பெர்த்திலிருந்து அனுப்பிவைத்த உன் மகள் ஹேமாஷினி, வந்த மறுநாளே கைதவறி ஒரு கிளாசை உடைத்தாள். நான் விளக்குமாறோடு வந்தால், பதினான்கு வயதுப் பிள்ளை சுவரோடு ஒட்டி நின்று, "தாத்தா, எத்தன நாளைக்கு என்கிட்ட பேச மாட்டீங்க?" என்று கேட்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் அம்மாதான் மெல்லக் கேட்டு வாங்கினாள். மார்க் குறைந்தாலும் எதிர்த்துப் பேசினாலும் நீ நாள்கணக்கில் வாயைத் திறக்க மாட்டாயாம், அவள் அழுதால் அந்த நாட்கள் இன்னும் கூடுமாம். தட்டை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாயாம். அடிக்காமல் வளர்க்கிறேன் என்று பெருமை வேறு உனக்கு.

அதன் பலனையும் கேள். போன வாரம் பக்கத்து வீட்டு புனிதாவின் அப்பாவுக்கு ஷா ஆலத்தில் லோரி மோதிக் கால் முறிந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டு நம் வீட்டுக்கு ஓடி வந்தாள். தினமும் அவளோடு பூப்பந்து ஆடிய உன் மகள், எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புனிதாவுக்கு ஆத்திரம், இவளுக்குக் கல்நெஞ்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அழுறவங்கள தனியா விட்டுடணும், அப்பதான் நிறுத்துவாங்கன்னு அம்மா சொல்வாங்க" என்றாள். கல்நெஞ்சு அவளுக்கு இல்லையம்மா. பயந்த பிள்ளை, வீட்டில் பார்த்ததைச் செய்தாள். மறுநாள் யாரும் சொல்லாமலே அவளாக புனிதா வீட்டு வாசலுக்குப் போய், "நான் பக்கத்துல உக்காரவா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் தடுக்கவில்லை.

நேற்று போனில் இதைச் சொல்லத் தொடங்கினால், "அவ ஸ்ட்ராங்கா வளரணும்பா, செல்லம் கொடுத்துக் கெடுக்காதீங்க லா" என்கிறாய். நீங்கள் கத்தவில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறாய். கத்தினேன், தெருவே கேட்கக் கத்தினேன். ஆனால் சாப்பாட்டு வேளைக்குள் அது முடிந்துபோகும், பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தேன். அப்பா உன்னை வேண்டாம் என்றுவிட்டாரோ என்று ஒரு ராத்திரியாவது நீ பயந்து படுத்தாயா? சொல்.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அவள் வருகிறாள். அவளோடு நானும் வருகிறேன். உன்னைக் கேட்கவில்லை, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நீ முகத்தைத் திருப்பினால், திருப்புகிற பக்கமெல்லாம் நான் உட்கார்ந்திருப்பேன்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறக்காதே. பிள்ளைக்கு என் ஆசி எப்போதும் உண்டு. உனக்கும் உண்டு, அவளிடம் நீ பேசுவதைப் பார்த்த பிறகு நேரில் தருகிறேன்.

கோபத்துடன்,
உன் அப்பா
இராமலிங்கம்