உங்கள் மகளின் பற்கள் நேரான கதை

டீச்சர்,

இன்று காலை கிளினிக்கின் பின்னறைக் கதவைத் திறந்ததும் அந்த வாசம் வந்து முகத்தில் அடித்தது. உடைந்த பொய்ப்பல்லை ஒட்டுவதற்கு ரோஸ் நிறப் பொடியோடு ஒரு திரவத்தைக் கலப்பார்களே, மூக்கை அரிக்கும் அந்த வாசம். யாரோ ஒரு பெரியவருடைய பல் தட்டு மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு உங்கள் முகம்தான் வந்து நின்றது. லேஞ்சித் துணியால் வாயை மூடிய முகம்.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. செத்தவர்களுக்கு எழுதும் கடிதத்தில் நல்லதையே எழுதுவார்கள். என்னிடம் அப்படி அதிகம் இல்லை. நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை மீறிவிட்டேன். எப்படி மீறினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பன்வில தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் கண்டியிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் எடுத்தீர்கள். அவ்வளவு ஒழுங்கான முன்பற்களை நாங்கள் அதுவரை யாருடைய வாயிலும் பார்த்ததில்லை. எனக்கோ மேல்வரிசைப் பற்கள் நான்கும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. உதட்டை இழுத்து மூடினால் தாடை சுருங்கிப் போகும். ஆனால் எனக்குக் குரல் இருந்தது. அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் வரவேற்புரை சொல்ல நீங்களே என்னைத் தெரிவு செய்தீர்கள். இரண்டு கிழமை மனப்பாடம் செய்தேன். அம்மா கங்காணியிடம் கெஞ்சிக் கொழுந்து வேலைக்கு அரைநாள் லீவு வாங்கி வைத்திருந்தார்.

விழாவுக்கு முதல்நாள் ஒத்திகை. நான் மேடையில் ஏறி வணக்கம் சொன்னதும் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள்.

"இந்தப் பல்ல வச்சிக்கிட்டு நின்னா வர்றவங்க பேச்சக் கேப்பாங்களா, பல்லப் பாப்பாங்களா? நீ திரைக்குப் பின்னால உக்காந்து சொல்லிக் குடு. முன்னால நிக்கிற அந்தப் புள்ள பேசட்டும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அது எனக்குப் பழக்கம். நீங்களும் சிரித்தீர்கள், டீச்சர். அதுதான் பழக்கமில்லை.

மறுநாள் திரைக்குப் பின்னால் ஒரு உடைந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நிறுத்திய பிள்ளை மூன்றாவது வரியிலேயே தடுமாறினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் நான்தான் மெல்லச் சொல்லிக் கொடுத்தேன். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். வெளியே வந்தபோது அம்மா, இருந்த ஒரே நல்ல சேலையில், கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கடி நின்ன? கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தேனே."

"தொண்ட கட்டிக்கிச்சும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு வெகு காலம் நான் வாயைக் கையால் மறைக்காமல் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வயதில் கண்டி டவுனில் பல் வரிசை திருத்தும் இந்தக் கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. டொக்டர் சிங்கள அம்மா. தமிழ் ஆட்கள் வந்தால் அவர் சொல்வதைத் தமிழில் விளங்கப்படுத்துவது என் வேலை. கருவிகளைக் கழுவுவது, அச்சு எடுக்க மாவு குழைப்பது, உடைந்த பல் தட்டை ஒட்டுவது எல்லாம் போகப்போகப் பழகினேன். ஒரு வருடம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் டொக்டர் அவருக்குத் தெரிந்த தமிழில், "கைய எடுங்க, பாக்க" என்றார்.

"இந்த வயசுல ஏலுமா, டொக்டர்?"

"ஈறும் எலும்பும் நல்லா இருந்தா எந்த வயசும் ஏலும். சின்ன வயசுன்னா லேசு. அவ்வளவுதான்."

பல் நகர இடம் வேண்டும் என்று மேல்வரிசையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பற்களைப் பிடுங்கினார்கள். மிச்சப் பற்களில் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை ஒட்டிக் கம்பியைப் பூட்டினார்கள். முதல் நான்கு நாள் சோற்றை மெல்ல முடியவில்லை. பாண் துண்டைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றேன். கன்னத்தின் உட்பக்கம் புண்ணாகிவிட்டது. கம்பி உரசும் இடத்தில் மெழுகை உருட்டி வைத்துக்கொள்வேன். மாதம் ஒருமுறை கம்பியை மாற்றும்போது அந்த வலி திரும்பவும் இரண்டு நாள் வரும். ஒவ்வொரு முறையும் உங்களை நினைத்துக்கொண்டேன். நீங்கள் நல்ல ஆள் என்பதற்காக அல்ல. என்றாவது உங்கள் முன்னால் நின்று அத்தனை பல்லும் தெரியச் சிரிக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் அந்த வலியைத் தாங்கினேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

அதற்குப் பிறகும் பல வருடம் நீங்கள் வரவில்லை. வந்தபோது மகளோடு வந்தீர்கள்.

அவளுக்குப் பதினாறு வயது. நீங்கள் உள்ளே நுழைந்து கதிரையில் உட்காரும் முன்பே நான் அவளுடைய வாயைப் பார்த்துவிட்டேன். அப்படியே என் பல்! மேல்வரிசை நான்கும் வெளியே. அவள் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். என் கையும் பழைய பழக்கத்தில் வாயை மறைக்க எழுந்து, நெஞ்சருகே நின்றுவிட்டது.

என்னை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நீங்கள் பார்த்த என் முகத்தில் பல்லைத் தவிர வேறெதையும் நீங்கள் பார்க்கவில்லையே.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படிப் பல் உண்டா என்று டொக்டர் கேட்கச் சொன்னார். எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். நான் கேட்டேன்.

"எங்க பரம்பரையிலயே கிடையாது. இவ அப்பா வீட்டு வழி" என்றீர்கள், மகளுக்கு முன்னாலேயே. அவள் தரையைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "தங்கச்சி, ஆறு மாசத்துல ஒரு கல்யாணம் இருக்கு. அதுக்குள்ள முடிஞ்சிருமா? போட்டோவுல எல்லாம் இவள வாய மூடு, வாய மூடுன்னே சொல்ல வேண்டியிருக்கு."

"ஆறு மாசத்துல முடியாதுங்க. ரெண்டு வருசம் போகும். அவசரமா இழுத்தா வேர் கெட்டுப் போயிரும்" என்றேன்.

அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து அவளுக்கே எல்லாவற்றையும் சொன்னேன். பல் எலும்புக்குள்ளேதான் நகர்கிறது. கம்பி தள்ளுகிற பக்கம் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பல் விட்டுப்போன பக்கம் புது எலும்பு வளரும். அதனால்தான் மெதுவாகப் போக வேண்டும். முதலில் எக்ஸ்ரேயும் அச்சும் எடுப்போம். கச்சான் கடலை, முறுக்கு, ஒட்டுகிற டொபி எதுவும் கூடாது. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் பிரஷ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் கம்பியைச் சுற்றிப் பல் சொத்தையாகும். ரப்பர் வளையம் தந்தால் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும் போட வேண்டும்.

"வலிக்குமா, அக்கா?" என்றாள்.

"வலிக்கும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நாள். அப்புறம் கொறஞ்சிரும்."

உண்மையைச் சொன்னதற்காக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டே.

எட்டு மாதம் நீங்கள் அவளோடு வந்து போனீர்கள். நான் யார் என்று நானும் சொல்லவில்லை. பிறகு ஒரு பகல், டொக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம், நீங்கள் தனியாகப் படியேறி வந்தீர்கள். வாயில் லேஞ்சி. கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசையில் வைத்தீர்கள். அவிழ்த்தால் இரண்டாக உடைந்த ஒரு தட்டு. அதில் நான்கு முன்பற்கள், அவ்வளவு ஒழுங்காக.

"கை தவறி விழுந்திருச்சி. இன்னைக்கே ஒட்டித் தர ஏலுமா?" லேஞ்சிக்குள்ளிருந்து காற்றாக வந்தது குரல்.

"சொந்தப் பல்லு எப்ப எடுத்தது?" தட்டை ஒட்டும் முன் எல்லாரிடமும் கேட்பதுபோல் கேட்டேன்.

"பதினெட்டு வயசுல. வெளிய நீட்டிக்கிட்டு இருந்திச்சி. அப்ப எங்க ஆக்கள்ல இந்தக் கம்பியெல்லாம் யாருக்குத் தெரியும்? நாலையும் புடுங்கிட்டுத் தட்டு வச்சாங்க." பிறகு என் கையைப் பிடித்தீர்கள். "மகளுக்குத் தெரியாது, தங்கச்சி. சொல்லிறாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன். அதுதான் வாக்கு. அதே மூச்சில் கேட்டேன்: "டீச்சர், பன்வில பள்ளிக்கூடத்துல, வரவேற்புரை. திரைக்குப் பின்னால ஒரு புள்ளய உக்கார வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

என்னைப் பார்த்தீர்கள். முதலில் வாயை, பிறகு கண்ணை. இருந்தது, டீச்சர். உங்களுக்கு ஞாபகம் இருந்தது.

"உன்ன முன்னுக்கு விட்டா ஆக்கள் சிரிச்சிருப்பாங்க. என்னப் பாத்துச் சிரிச்சிருக்காங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அந்தப் பதிலைச் சொன்னால் நான் உருகிப் போவேன் என்று நினைத்தீர்களா? எனக்கு நெஞ்சு இன்னும் இறுகியது. தெரியாமல் செய்தவர் என்றால் ஒருவேளை விட்டிருப்பேன். எப்படி வலிக்கும் என்று தெரிந்துகொண்டே அந்த வலியை எடுத்து ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தீர்கள். உங்கள் மகளுக்கும் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

பின்னறை காலியாக இருந்தது. அங்கே உங்களை உட்கார வைத்திருக்கலாம். நான் வைக்கவில்லை. "முன்னால உக்காருங்க, டீச்சர்" என்று கதவுக்கு நேரே இருந்த கதிரையைக் காட்டினேன். ஒன்றரை மணித்தியாலத்தில் தட்டை நானே ஒட்டி, மினுக்கி முடித்துவிட்டேன். என் மேசை லாச்சியை இழுத்து, அதற்குள் வைத்து மூடினேன். மூன்று மணித்தியாலம் போகட்டும் என்று விட்டேன். வருகிறவர்கள் எல்லாரும் உங்களைத் தாண்டித்தான் போனார்கள். பன்விலயிலிருந்து பிள்ளையைக் கூட்டிவந்த ஒரு தாய் உங்கள் முன்னால் நின்று, "டீச்சர், சுகமா இருக்கீங்களா? என்னயத் தெரியுதா? உங்ககிட்டப் படிச்சேன்" என்றாள். நீங்கள் லேஞ்சியை அழுத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினீர்கள். அவள் பேச்சை விடவில்லை. உங்கள் கண் கலங்கியது. காப்பாற்றச் சொல்லி என் பக்கம் பார்த்தீர்கள்.

அப்போதுதான் நான் சிரித்தேன். அத்தனை வருடம் வைத்திருந்த சிரிப்பு. கை மறைக்காமல், எல்லாப் பல்லும் தெரிய.

அன்று வீட்டுக்குப் போகும்போது வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து உங்களுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கலகெதரவில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உதடுகள் அழகாக மூடியிருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் உங்கள் கணவருக்கும் எனக்கும்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் மகள் அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரவில்லை. கம்பி மாற்றாமல் விட்டால் பல் நின்ற இடத்திலேயே நிற்கும். போன் எடுத்தும் பதில் இல்லை. ஒரு நாள் தானாகவே வந்தாள்.

"கழட்டி விட்டுருங்க, அக்கா. எதுக்கு இதெல்லாம்? எப்படி இழுத்தாலும் அம்மா மாதிரி வராது. அம்மா பக்கத்துல யாருக்குமே இப்படி இல்லன்னு அம்மாவே எத்தன தடவ சொல்லியிருக்காங்க. நான்தான் அந்த வீட்ல அசிங்கமாப் பொறந்தவ."

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் என் வாயைத் திறந்தது கோபம், டீச்சர். மண்ணுக்குள் போன பிறகும் நீங்கள் ஒருத்தியைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தீர்கள்.

"உங்கம்மாவுக்கும் உன்னோட பல்லுதான். பதினெட்டு வயசுல நாலையும் புடுங்கிட்டாங்க. நீ பாத்தது பொய்ப்பல்லு. நான்தான் ஒட்டிக் குடுத்தேன்."

அவள் நம்பவில்லை. தட்டு உடைந்து நீங்கள் வந்த நாளைச் சொன்னதும் நம்பினாள். "ஏன் என்கிட்ட சொல்லல? ஒரு தடவ சொல்லியிருந்தா போதுமே" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். நீங்கள் சிரித்ததையும், என் அம்மா என்னைத் தேடியதையும், லாச்சிக்குள் இருந்த தட்டையும்கூடச் சொன்னேன். என்னை நல்லவளாகக் காட்டவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையில் ஏறிச் சாய்ந்தாள். அன்று கம்பியை மாற்றினோம்.

போன மாதம் எல்லாவற்றையும் கழற்றினோம். டொக்டர் ஒட்டுப்பசையைச் சுரண்டி மினுக்கி எடுத்ததும் அவள் நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். "வழுக்குது, அக்கா" என்றாள். பல்லைப் பிடித்து வைக்கும் ரீட்டெய்னரைக் கையில் கொடுத்து, இதைப் போடாவிட்டால் பல் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்று சொன்னேன். தலையாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அக்கா, எங்கம்மாவ உங்களுக்குப் புடிக்காதுல்ல?"

"புடிக்காது."

"இப்பயுமா?"

"இப்பயும்தான்."

ரீட்டெய்னரைப் பைக்குள் வைத்தாள். "எனக்கும் சில நாள் அப்படித்தான் வருது. வீட்ல யார்கிட்டயும் அதச் சொல்ல ஏலாது."

"இங்க வந்து சொல்லு" என்றேன்.

வருகிறாள், டீச்சர். பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசுகிறாள். எந்தப் போட்டோவில் என்ன சொன்னீர்கள், எந்தக் கல்யாண வீட்டில் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பினீர்கள், எல்லாவற்றையும். சில நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அம்மா இருந்திருக்கலாம் என்று அழுதுவிடுவாள். அழட்டும், அவளுக்கு அம்மா. நான் எழுந்து போய்க் கருவிகளைக் கழுவுவேன்.

உங்களை மன்னித்துவிடச் சொல்லி அவள் இதுவரை ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.