தையல்காரரின் கன்னமும் நம் பொடிசின் வேலையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் நன்றாக இருக்கிறோம், இருவருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி மூச்சை விட்டுவிட்டு நிதானமாகப் படி. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், யார் சொன்னதும் யார் காதிலும் ஏறுவதில்லை. அதனால் எழுதி நானே போட்டோ பிடித்து அனுப்புகிறேன், ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிந்தால் சிரிக்காதே.

நேற்று உன் மகளிடம், நம் பொடிசிடம், பல் டாக்டர் வேலையை விட்டுவிடு என்று சொன்னாயாம். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ பிடிவாதமாக ஒன்று சொன்னால் அவள் தட்டமாட்டாள், அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரோ சொன்ன பாதிக் கதையைக் கேட்டுவிட்டு நீ பேசுகிறாய், முழுசையும் நான் சொல்கிறேன், அப்புறம் உன் இஷ்டம்.

எதிர்வீட்டுத் தையல்காரரை உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூடச் சட்டையைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கித் தந்தவர். இந்த நோய் வந்ததிலிருந்து தெருவுக்கே அவர்தான் முகக்கவசம் தைக்கிறார். அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்திருக்கிறது. பல் ஆஸ்பத்திரிக்குப் போனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரையும் போல அவருக்கும் பயம். இருந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிக் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்திருக்கிறார் மனிதர். கையில் இருக்கிற சாமானை வைத்துத்தானே வைத்தியம் தோன்றும். அப்போதைக்கு இதமாக இருந்ததாம், சீழ் மட்டும் உள்ளுக்குள் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. கன்னம் வீங்க வீங்க முகக்கவசத்தையும் பெரிய அளவில் தைத்து மாட்டிக்கொண்டார், வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நானே ஜன்னலில் நின்று, "என்ன, மூஞ்சிக்கே சட்டை தச்சுப் போட்டுட்டீங்களா" என்று கேலி செய்தேன். அவர் கையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் ஒருநாள் காலை அவர் மனைவி நம் வாசலில் நின்று, "டாக்டரம்மா, அவரால எச்சிலைக்கூட முழுங்க முடியல, பேச்சு கொழகொழன்னு வருது" என்றாள். பொடிசு ஓடிப்போய் அவரை முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தாடைக்குக் கீழே கழுத்து வரை கட்டை மாதிரி இறுகிக் கிடந்ததாம், வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்கும் திறக்கவில்லையாம். திரும்பி வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னும் கொஞ்சம் இறங்கினா மூச்சையே அடைச்சிடும் பாட்டி" என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள், நோய் டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் உள்ளே சேர்க்க முடியாது, இன்று டெஸ்ட் எடுத்தாலும் நாளைக்குத்தான் வரும் என்றார்கள். அவளுடைய பல் ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான பெரிய டாக்டரைக் கேட்டாள். வயதானவர், சர்க்கரை வேறு. "என்னால வர முடியாதும்மா, நீ பார்த்தாலும் சரி, பார்க்காட்டாலும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். நான் கதவை மறித்துக்கொண்டு, போகாதே, உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா. "பல்செட்டைக் கழட்டி வெச்சுட்டுப் பேசறே, ஒரு வார்த்தையும் புரியல, நகரு" என்று என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.

தையல்காரரைத் தன் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, பின்னாலேயே போய் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாள். சர்க்கரை உண்டா, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவர் மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள், உள்ளே அவர் மூச்சு விடுகிற சத்தம் எனக்குத் தெருவில் கேட்கிறது. அப்போதும் இவள் கவச உடையைப் போட்டுக்கொண்டு, உதவிக்கு வந்த நர்ஸிடம் முதுகைக் காட்டி, பின்பக்க நாடா இறுக்கமா, கையுறை ஓரம் சரியா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள். அவரைப் படுக்க வைக்காமல் உட்கார்த்தியே வைத்து, எச்சிலைத் தூவானமாகத் தெறிக்கவிடும் அந்தப் பல் குடைகிற மெஷினைத் தொடாமல், தாடைக்குக் கீழே சின்னதாகக் கீறிச் சீழை எடுத்துவிட்டாள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் போட்டு, "நான் அனுப்பறேன், வாசல்லயே அவர் மூச்சு நின்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள் பார், எனக்கே உடம்பு சிலிர்த்தது. சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் அவருக்கு நோய் இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. அன்றிலிருந்து உன் மகள் மாடி அறையிலும் நான் கீழேயும். படியில் தட்டை வைத்துவிட்டு நான் இறங்கின பிறகுதான் அவள் கதவைத் திறப்பாள். அவள் ஒரு தும்மல் போட்டால் கீழே என் கை வேலை ஓடாது. தெருவில் எங்கள் வாசலைத் தாண்டும்போது ஓடுகிறார்கள். அந்தப் பல் ஆஸ்பத்திரியில்தான் தையல்காரருக்கு நோய் ஒட்டியது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், அதுதான் உன் காதுவரை வந்திருக்கிறது.

இன்று அவளுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, நோய் இல்லை. தையல்காரரும் பிழைத்துவிட்டார், அந்தப் பல்லை அங்கேயே பிடுங்கிவிட்டார்களாம். இனிமேல் இஸ்திரிப் பெட்டி துணிக்கு மட்டும்தான் என்று போனில் சொன்னார், குரலைக் கேட்டு அழுதுவிட்டேன். நாளைக்குப் பொடிசு ஆஸ்பத்திரியைத் திறக்கிறாள். வருகிறேன் என்று சொல்லியிருந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கோ கீழ்ப் பல்செட் உரசி உரசி ஈறு புண்ணாகி ஆறாமல் கிடக்கிறது. அவளிடம் காட்டாமல் கஞ்சியாகக் குடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். நாளைக்குத் தெரு முழுக்கப் பார்க்க நடந்துபோய் முதல் ஆளாக அந்த நாற்காலியில் உட்காரப்போகிறேன். பயமில்லை என்று எழுதினால் பொய். நான் ஐந்தாவதோடு நின்றவள், அவள் படித்ததெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த அவசரத்திலும் முதுகைத் திருப்பி நாடாவைச் சரிபார்க்கச் சொன்னாளே, அந்தப் பிள்ளை வாய்க்குள் கை விட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன்.

மாப்பிள்ளை ஒரு பக்கமாகவே மெல்லுகிறார் என்றாயே, வீங்கும்வரை காத்திருக்காமல் காட்டச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். நாளைக் காலையில் அவள் கிளம்புமுன் போன் போடு. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. பின்பக்க நாடாவை யாரையாவது பார்க்கச் சொல் என்று மட்டும் சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அம்மா,
டாக்டரின் பாட்டி.