படகில் ஏறாததற்கு இன்றைய சாக்கு

10 ஜனவரி 1983, திங்கள்
இன்றைய சாக்கு: டீசல் வாடை தலைவலி தரும். வெள்ளிக்கிழமைச் சாக்கு: காற்றில் தலை கலையும். மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறினால் எதிர்க்கரை எறணாகுளத்தில் கல்லூரி. நானோ தோப்பும்படி பாலம் வழியாகச் சுற்றி பஸ்ஸில் போகிறேன். வகுப்பே சிரிக்கிறது. சிரிக்க வைப்பதில் என்னை அடிக்க ஆளில்லை.

13 ஜனவரி
மனோதத்துவப் பாடத்துக்காகத் தோழி ஸ்வர்ணலதா எல்லோருக்கும் கேள்வித்தாள் கொடுத்தாள். உன் சந்தோஷத்துக்குப் பத்தில் எத்தனை? பத்து போட்டேன். சின்ன வயதில் பயந்த சம்பவம்? எங்கள் வீட்டுக் கதையை எழுதினேன். ஆறு வயதில் படகு ஜெட்டியில் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தேன். உம்மா சடையைப் பிடித்துத் தூக்கினாள். "பெரிய மீனு கிடைச்சிருக்கு" என்று சிரித்தாள். விருந்தாளி யார் வந்தாலும் சாயாவோடு இந்தக் கதையும் உண்டு.

14 ஜனவரி
லதா படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.
"எல்லாரும் சிரிச்சாங்க, சரி. நீ சிரிச்சியா, சுல்ஃபத்?"
என்ன கேள்வி இது?

15 ஜனவரி
சிரித்தேனா? நினைவில்லை. மூக்கில் உப்புத் தண்ணி ஏறினது மட்டும் ஞாபகம் இருக்கு. இதைப் போய் ஏன் கேட்டா அவ? நல்லாத்தானே இருந்தேன்?

22 ஜனவரி
லதாவின் அக்கா கமலாக்ஷிக்கு பிப்ரவரி 6 கல்யாணம், வைப்பின் தீவில். படகில் போனால் பக்கம். பறவூர் சுற்றி பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அதற்குள் அக்காவுக்குப் பிள்ளையே பிறந்துவிடும் என்றாள். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று முறை வீட்டுக்குக் கூப்பிட்டும் நான் போகவில்லை. இதற்கும் சாக்கு சொன்னால் இனி கூப்பிடவே மாட்டாளாம்.
லதா இல்லாத கல்லூரியை நினைக்கவே பிடிக்கவில்லை.

30 ஜனவரி
அன்னிக்கு ஏன் சிரிச்சீங்க என்று உம்மாவிடம் கேட்டேவிட்டேன். கரண்டி நின்றது.
"கண்ணு திறந்ததும் என் மூஞ்சியைத்தான் பார்த்தே. நான் அழுதா நீ பயந்துருவேன்னு சிரிச்சேன். பொறவு நிறுத்த முடியலை. அதுக்கப்புறம் நான் போட்ல ஏறி நீ பார்த்திருக்கியா?"
பார்த்ததில்லை. பதிமூன்று வருடங்கள்! டீசல் வாடையே உம்மாவின் சாக்குதான். இரண்டு பேரும் அழுதோம், பிறகு சிரித்தோம். அடுப்பில் கப்பைக்கிழங்கு குழைந்துபோனது. அப்படியே சாப்பிட்டோம்.

6 பிப்ரவரி, ஞாயிறு
இன்று சாக்கு இல்லை.
கல்யாண வீட்டில் மூன்று டம்ளர் பாயசம். கேள்வித்தாளில் என் பத்தை எட்டாக்கச் சொன்னேன். இந்த எட்டை நம்பலாம் என்றாள் லதா.
உம்மாவும் வந்திருந்தாள். படகில் ஏறியதிலிருந்து வைப்பினில் இறங்கும்வரை என் சடையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். வலித்தது. விடச் சொல்லவில்லை.